வீட்டு டெப்பில் போட்டோ டச்சப்: அம்பிட்டியவிலிருந்து 20 குறிப்புகள்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் சூம் வகுப்புக்கென்று வாங்கிய டெப், அம்பிட்டியப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. பிள்ளை வளர்ந்துவிட்டது, டெப் அலுமாரிக்குள் போய்விட்டது. அதை எடுத்து லெப்டொப்புடன் இணைத்தால் போட்டோ டச்சப்புக்கு நல்லதொரு வரைபலகை கிடைக்கும். கண்டி ஸ்டூடியோக்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுப்பவர்களுக்கும், தம் குடும்பத்துப் பழைய படங்களைத் தாமே சரிசெய்ய விரும்புபவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்.

1. பேனை எதற்கு என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். டச்சப் கண்டிக்குப் புதிய தொழில் அல்ல. 1870களிலேயே இங்கே ஸ்கோவன் அன் கம்பனியின் ஸ்டூடியோ இருந்தது. கண்ணாடி நெகட்டிவ் காலத்தில் டச்சப் செய்தவர்களின் கருவி ஊசிபோலக் கூராக்கிய பென்சில். நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, சுருக்கம் விழுந்த இடத்தில் மெல்ல மெல்லப் புள்ளி வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பது பிரிண்டில் வெளுக்கும், சுருக்கம் தணியும். அந்த வேலை முழுவதும் கையின் அழுத்தத்தில்தான் இருந்தது. மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. அமுக்கினால் முழுதாக விழும், விட்டால் ஒன்றுமில்லை. அழுத்தம் அறியும் பேனை அந்தப் பென்சில்காரரின் கையை நமக்குத் திருப்பித் தருகிறது. டெப்பின் அளவும் விலையும் இதற்கு அடுத்தபடிதான்.

2. உங்கள் டெப் அழுத்தத்தை அறியுமா என்று பாருங்கள். சம்சுங்கில் டெப் எஸ்6 லைட், எஸ்7, எஸ்8, எஸ்9 ஆகியவை எஸ் பென்னுடன் வேலை செய்யும். பேனை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஒரு தகடு உணர்கிறது. வரைவதற்கு அந்தப் பேனைக்குப் பற்றரியே வேண்டாம். அழுத்தத்தை 4,096 படிகளாகப் பிரித்தறியும். ஏ7, ஏ8, ஏ9 போன்ற விலை குறைந்த டெப்களில் அந்தத் தகடு இல்லை. எஸ் பென்னை வைத்து எவ்வளவு அமுக்கினாலும் ஒரு கோடு விழாது. ஐபேட்காரர்கள் பென்சில் வாங்கும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023இல் வந்த யுஎஸ்பி-சி அப்பிள் பென்சில் மலிவு, ஆனால் அழுத்தம் அறியாது. முதலாம், இரண்டாம் தலைமுறைப் பென்சில்களும் பென்சில் ப்ரோவும் அறியும். எது உங்கள் ஐபேட்டுக்குப் பொருந்தும் என்பதை மொடல் இலக்கத்தை வைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

3. பழைய டெப் வாங்கப் போனால் கையில் ஓர் அடிமட்டம் கொண்டுபோங்கள். வரையும் செயலி ஒன்றைத் திறந்து, அடிமட்டத்தைக் கண்ணாடியில் குறுக்காக வைத்து, மூலைக்கு மூலை மிக மெதுவாகக் கோடு இழுங்கள். கோடு நெளிந்தால், இடையில் அறுந்தால், அந்த டெப் டச்சப்புக்கு உதவாது. பிறகு ஒரே வேகத்தில், முதலில் தொட்டும் தொடாமலும், போகப் போக அமுக்கியும் ஒரு கோடு போடுங்கள். வேகத்தை மாற்றாமல் இழுப்பது முக்கியம். சில செயலிகள் கையின் வேகத்தைப் பார்த்தே கோட்டைத் தடிப்பாக்கி, அழுத்தம் இருப்பதுபோல் காட்டிவிடும்.

4. ரப்பர் நுனி வைத்த மலிவுப் பேனை விரலுக்குப் பதிலான ஒன்று மட்டுமே. அழுத்தமும் அறியாது, நுனி மொத்தம் என்பதால் எங்கே படுகிறது என்றும் தெரியாது. வாங்க வேண்டாம்.

5. இணைப்பது எப்படி? மெக் கணினியும் ஐபேட்டும் இருந்தால் சைட்கார் போதும். 2019இல் மெக்ஓஎஸ் கட்டலினாவுடன் வந்தது, இலவசம். இரண்டிலும் ஒரே அப்பிள் கணக்கு இருக்க வேண்டும். விண்டோஸ் லெப்டொப்பும் அண்ட்ரொய்ட் டெப்பும் என்றால் சூப்பர்டிஸ்ப்ளே என்ற செயலி யுஎஸ்பி வயர் வழியாகவே படத்தையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும். டெப் எஸ்7இலிருந்து சம்சுங்கிலேயே இரண்டாம் திரை வசதி இருக்கிறது, வயர் இல்லாமல் இணையும். விண்டோஸுக்கு ஐபேட்டை இணைக்க அஸ்ட்ரோபேட், டூவெட் ஆகியவை உண்டு. பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு வேலஸ் நல்ல தெரிவு. இலவசமானது, டெப்பின் பிரவுசரிலேயே திறக்கும். காசு கேட்கும் செயலிகளைப் பரீட்சார்த்த நாட்களில் உங்கள் லெப்டொப்பிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். டொலரில் போன காசைத் திருப்பி வாங்குவது சிரமம்.

6. வைஃபையைவிட வயர் நல்லது. வைஃபையில் கை போன பிறகே கோடு வரும். கண் இமை ஓரத்தில் வேலை செய்யும்போது அந்தச் சின்னத் தாமதமே எல்லாவற்றையும் குழப்பிவிடும். வயர் வாங்கும்போது தரவும் கடத்தும் வயரா என்று கேளுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

7. வயர் ஒத்துவராத இடத்தில், ரவுட்டர் வேறு அறையில் தடித்த சுவருக்கு அப்பால் இருந்தால், போனில் ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்பையும் டெப்பையும் அதில் சேருங்கள். இரண்டுக்கும் இடையே போகும் படம் இணையத்துக்குப் போய் வருவதில்லை. ஆகவே அதற்கு டேட்டா செலவாகாது. பின்னணியில் ஓடும் அப்டேட்களை மட்டும் நிறுத்திவையுங்கள்.

8. ஐந்து ரூபா நாணயத்தை டெப்பின் மேல் வைத்து அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். லெப்டொப் திரையில் வட்டம் வட்டமாக விழ வேண்டும். முட்டை வடிவில் விழுந்தால் டெப்பின் நீள அகலமும் லெப்டொப்பின் நீள அகலமும் பொருந்தவில்லை. ஐபேட் பலவும் நான்குக்கு மூன்று, லெப்டொப் பெரும்பாலும் பதினாறுக்கு ஒன்பது என்பதால் இது வரும். இணைக்கும் செயலியின் அமைப்பில் விகிதத்தைப் பேணும்படி தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். டெப்பின் ஓரத்தில் கொஞ்ச இடம் வீணாகும், பரவாயில்லை. இதைச் செய்யாமல் பழகினால் முகத்தின் வளைவுகள் எல்லாம் கைக்குத் தப்பும்.

9. இணைத்த பிறகும் அழுத்தம் வேலை செய்யவில்லையா? போட்டோஷொப்பில் பிரஷ் அமைப்புப் பலகத்தைத் திறந்து, அளவுக்கும் ஒளிபுகாமைக்கும் பேனை அழுத்தத்தைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தில் சிறிய முக்கோண எச்சரிக்கை தெரிந்தால் பேனை இன்னும் கணினியை எட்டவில்லை என்று பொருள். கிம்ப் பாவிப்பவர்கள் எடிட் மெனுவில் உள்ளீட்டுக் கருவிகளைத் திறந்து, பேனையின் நிலையைத் திரை என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். கிம்ப் முழுக்க இலவசம், டச்சப்புக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸில் பேனையை அமுக்கிப் பிடித்தால் வளையம் ஒன்று தோன்றி ரைட் கிளிக் ஆகிவிடும். கொன்ட்ரோல் பெனலில் பேனை, தொடுகைப் பகுதியில் அதை நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு மெல்லிய கோடும் தடுக்கும்.

10. டெப்புக்கு ஸ்டாண்ட் வாங்க வேண்டாம். வீட்டில் பில்களும் கடிதங்களும் கோர்த்துவைக்கும் பொக்ஸ் ஃபைல் ஒன்று இருக்கும். அதைப் படுக்க வையுங்கள். முதுகுப் பக்கம் உயர்ந்தும் திறக்கும் பக்கம் தாழ்ந்தும் நிற்கும், வரைவதற்கு ஏற்ற சாய்வு அது. அலுமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத ரப்பர் வலையில் ஒரு துண்டை வெட்டி ஃபைலுக்கும் டெப்புக்கும் இடையே போட்டால் அசையாது. மேசை உயரமாக இருந்தால் கதிரையில் தலையணை வைத்து உட்காருங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை வலி நிச்சயம்.

11. கண்டியின் ஈரக் காற்றில் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டும். பழைய பருத்திக் காலுறையின் விரல் பக்கத்தை வெட்டி, சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளே இருக்கும்படி கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கை வழுக்கிப் போகும், கண்ணாடியும் அழுக்காகாது.

12. வலக்கையில் பேனை, இடக்கை லெப்டொப்பின் விசைப்பலகையில். கொன்ட்ரோல் இசட், பிரஷைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உள்ள சதுர அடைப்புக்குறிகள், படத்தை நகர்த்த ஸ்பேஸ் பார். இந்த நான்கையும் பார்க்காமல் தட்டப் பழகினால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

13. மூலப் படத்தின் மேல் ஒருபோதும் நேரே வரையாதீர்கள். கறை, கீறல், பருவை நீக்க மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, ஹீலிங் பிரஷ் எல்லா லேயர்களையும் பார்த்து எடுக்கும்படி வையுங்கள். ஒளி நிழலுக்கு இன்னொரு லேயர் போட்டு, அதை 50 சதவீதச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, சொஃப்ட் லைட் முறைக்கு மாற்றுங்கள். அதில் வெள்ளை பூசினால் படம் வெளிச்சமாகும், கறுப்புப் பூசினால் இருளும். மென்மையான விளிம்புள்ள பிரஷ், ஃப்ளோ 5 முதல் 10 சதவீதம். இப்போது பேனையால் தொட்டுத் தொட்டுப் பூசுங்கள். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது, நாலைந்து தடவையில் முகம் எழும்பி வரும். அளவு மீறினால் சாம்பலைப் பூசி அந்த இடத்தைப் பழையபடி ஆக்கலாம்.

14. நிறத்தை மாற்றாதீர்கள். கல்யாண அல்பத்தில் முகத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காமலே வெளுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இது மனதை நோகச் செய்யும் விஷயம். மாநிறம் குறை அல்ல, டச்சப் செய்பவர் அதை ஒரு கறையாக நடத்தக் கூடாது. வேலையின் கணக்கில் பார்த்தாலும் அது பிழை. முகம் வெளுத்தால் கழுத்தும் கையும் வேறு ஆளுடையதாகத் தெரியும், கூறைச் சேலையின் சிவப்பும் தாலிக்கொடியின் பொன்னும் முகத்துக்குப் பொருந்தாமல் போகும். செய்ய வேண்டியது வேறு. கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக நீக்க வேண்டாம். வியர்வை மினுக்கத்தைத் தணியுங்கள். மச்சத்தையும் பழைய தழும்பையும் விடுங்கள். அன்று காலை வந்த பருவை மட்டும் எடுங்கள்.

15. ஈரத்தில் கெட்ட பழைய படங்கள். மலைப் பக்கத்து வீடுகளில் சுவரில் மாட்டிய படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்காதீர்கள். படத்தின் மேல்படை ஜெலட்டினால் ஆனது, கண்ணாடியோடு முகமும் உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது இரு பக்கத்திலிருந்தும் சாய்வாக வெளிச்சம் விட்டுக் கமெராவில் எடுங்கள். பூஞ்சைப் புள்ளியை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், ஜெலட்டின் இளகிக் கறை பரவும். புள்ளிகளை நீக்கும் வேலை திரையில் நடக்கட்டும். எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் செம்மண் நிறமாகிக் கிடந்தால் அதற்குக் காரணம் அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் லெவல்ஸில் தனித்தனியே சரிசெய்தால் நிறம் பெருமளவு திரும்பும். அதைச் செய்த பிறகே பேனையைக் கையில் எடுங்கள்.

16. முகத்தைக் கற்பனையில் வரையாதீர்கள். இது எல்லாவற்றிலும் முக்கியம். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மலையகக் குடும்பங்கள் கடலுக்கு இரு பக்கமுமாகப் பிரிந்தன. இந்தியாவுக்குப் போனவர்கள் கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படமே இங்கே இருப்பவர்களிடம் உள்ள ஒரே முகமாக இருக்கும். அப்படியொரு படத்தைக் கொண்டுவந்த அம்மா ஒருவர், “தம்பி, எங்க அப்பா கண்ண மட்டும் மாத்திடாதீங்க, மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல” என்றார். அதுதான் இந்த வேலையின் முழு விதி. கடவுச்சீட்டு அளவுப் படத்தை அங்குலத்துக்கு 1,200 புள்ளியில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 1,650க்கு 2,125 பிக்சல் கிடைக்கும், 5க்கு 7 அங்குலப் பிரிண்டுக்குப் போதும். கன்னத்தில் ஊதா முத்திரை விழுந்திருந்தால் சிவப்பு, நீலச் சனல்களைத் தனித்தனியே பாருங்கள். எதில் முத்திரை மங்கலாக இருக்கிறதோ அதையே அடிப்படையாக எடுத்தால் பாதி வேலை மிச்சம். மடிப்பு விழுந்த இடத்தைப் பக்கத்துத் தோலிலிருந்து எடுத்து, படத்தின் கிரெய்ன் போக்கு மாறாமல் சிறு சிறு தொடுகையாக மூடுங்கள். ஒரு கண் முழுதாக அழிந்திருந்தால் மற்றக் கண்ணைத் திருப்பி ஒட்டாதீர்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்திருக்கும், இரண்டு கண்ணும் ஒருபோதும் ஒன்றல்ல. வேறு படம் ஏதும் இருக்கிறதா என்று உறவினரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தை மங்கலாகவே விட்டு, ஏன் விட்டீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு நொடியில் பழைய படத்தைப் பளிச்சென்று ஆக்கும் போன் செயலிகள் இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாக உண்டாக்குகின்றன. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அப்பா அல்ல.

17. பாடசாலை, குருமடக் குழுப் படங்கள் அம்பிட்டியவில் நிறைய வரும். இங்குள்ள குருமடம் 1893இல் தொடங்கியது. முகங்கள் சிறிதாக இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கூர்மையாக்க முயல வேண்டாம். கீறல்களையும் ஓரக் கறையையும் மட்டும் நீக்கி, படத்தின் அடியில் உள்ள பெயர் வரிசையைத் தொடாமல் விடுங்கள். எசல பெரஹராப் படங்களுக்கும் அதே அடக்கம் வேண்டும். கொப்பராத் தீப்பந்தத்தின் செம்மஞ்சள் வெளிச்சத்தை வெள்ளையாக்கினால் அது இரவு ஊர்வலமாகவே தெரியாது.

18. நிறத்தை டெப் திரையில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். டெப்பில் கண் பாதுகாப்பு வடிப்பான், ஐபேட்டில் ட்ரூ டோன், நைட் ஷிப்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வடிவத்தை மட்டும் டெப்பில் பாருங்கள். நிறத்துக்கு லெப்டொப் திரை. கடைசித் தீர்ப்பு ஒரு சின்னப் பரீட்சைப் பிரிண்டில். கறுப்பு வெள்ளைப் படம் கலர்த் தாளில் பச்சையடிக்கலாம் என்பதால் அதற்குப் பரீட்சைப் பிரிண்ட் கட்டாயம்.

19. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும். முதல் முழக்கம் கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், ரவுட்டரையும் கழற்றுங்கள். டெப் வயரால் லெப்டொப்போடு கட்டுண்டிருப்பதால் ஒன்றில் பாய்வது மற்றதையும் கெடுக்கும். பற்றரியில் வேலையைத் தொடரலாம். லெப்டொப் பற்றரி சீக்கிரம் இறங்கினால், டெப் அதிலிருந்து சார்ஜ் இழுக்கிறதா என்று பாருங்கள், இணைக்கும் முன்பே டெப்பை முழுதாக ஏற்றிவையுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் கோடு நடுங்கினால் குற்றம் கையில் இல்லை. மலிவு சார்ஜர், அல்லது பூமிக் கம்பி தொடாத அடப்டர். மூன்று பின் 13 அம்பியர் செருகியில் நேரே போட்டுப் பாருங்கள்.

20. முடித்த படத்தை ஸ்டூடியோவுக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், ஜேபெக் ஆக, குறைவான சுருக்கத்தில் கொடுங்கள். 6க்கு 4 அங்குலத்துக்கு 1,800க்கு 1,200 பிக்சல், 12க்கு 18 அங்குலத்துக்கு 3,600க்கு 5,400. வட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அல்ல, டொக்கியுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, நீங்கள் மணிக்கணக்கில் செய்த மென்மையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். லேயர்களோடு உள்ள ஃபைலையும் முதல் ஸ்கேனையும் தனி டிஸ்க்கில் வையுங்கள். யாரோ ஒரு பேரப்பிள்ளை இன்னொரு பிரதி கேட்டு வருவார். பேனையின் நுனி தட்டையாகி ஓரம் கூராகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள், கண்ணாடியைக் கீறும். டெப்பும் பேனையும் மூடிபோட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். வாடிக்கையாளரின் மூலப் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல் கடதாசி உறையில் போட்டு, நிமிர்த்தி வைத்து, வேலை முடிந்த அன்றே திருப்பிக் கொடுங்கள்.